கையை உள்ளே எடு!

எங்கள் வீடு மல்லேஸ்வரம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ராத்திரி படுத்தால் தும்கூர் பக்கம் போகிற வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்கும். இந்தப் பாதை 1884-லேயே போடப்பட்டது. அப்போது மீட்டர் கேஜ், நீராவி இன்ஜின். இப்போது எல்லாம் மின்சாரம். வங்கி என்னை இந்த ஊருக்கு மாற்றியபோது இரண்டு வருடத்தில் திருநெல்வேலிக்கே திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். பிள்ளைகள் கன்னடத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டதோடு அந்தத் திட்டம் முடிந்தது :-)

போன ஆகஸ்டில் அக்கா குடும்பம் லண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்தது. மருமகனுக்கு 12 வயது. ரயில் பைத்தியம். இங்கிலாந்தில் பழைய நீராவி ரயில்களில் எல்லாம் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் அத்தான். ஸ்காட்லாந்தில் ஹாரி பாட்டர் படத்தில் வரும் அந்த வளைந்த பாலம் மேலேயும் போய்விட்டு வந்திருக்கிறார்கள். "மாமா, இண்டியாவில ஸ்டீம் இருக்கா?" என்று வந்த முதல் நாளே கேட்டான். என்ன இப்படிக் கேட்டுவிட்டான் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். (எடுத்த கதையைத் தனியாக எழுத வேண்டும். எங்கள் வங்கியில் வீட்டுக்கடன் வாங்குவது சுலபம்.)

முந்தின நாளே கோயம்புத்தூர் போய்த் தங்கி, விடியற்காலை மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். காலை 7.10-க்கு வண்டி. முதல் வகுப்பு, முன்னால் இருக்கிற பெட்டி. இந்த வண்டியில் இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் எதுவும் கிடையாது. தண்டவாளம், காடு, மலை, அவ்வளவுதான். பெட்டியின் முன்பக்கம் சின்னத் திண்ணை மாதிரி ஒரு இடம். அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையில் கொடியோடு நின்றுகொண்டே வருகிறார். அவர்தான் பிரேக்ஸ்மேன்.

கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளம் ஆரம்பிக்கிறது. வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. ஒரு வளைவில் பின்னால் திரும்பிப் பார்த்தால் நம் வண்டியின் இன்ஜினே நமக்குத் தெரியும். மருமகன் சும்மா இருப்பானா? போனைப் பிடித்துக்கொண்டு தோள் வரைக்கும் கையை வெளியே நீட்டிவிட்டான். நான் அப்போது அக்காவிடம் அல்வாப் பொட்டலத்தை எந்தப் பையில் வைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் அந்தப் பக்க ஜன்னலில்.

"டேய் தம்பி! கைய உள்ள எடு!"

திண்ணையில் இருந்தவர் கத்திய கத்தில் அல்வா கேட்ட நானே கையை உள்ளே எடுத்தேன். பையன் பயந்துபோய் இழுத்துக்கொண்டான். அடுத்த நொடி சுரங்கம். பாறைச் சுவர் ஜன்னலை ஒட்டியே போனது. ஈரம் சொட்டுகிற கருப்புப் பாறை. கையை நீட்டினால் தொடலாம் என்று சொல்வது அங்கே பேச்சுக்குச் சொல்வதல்ல.

வெளிச்சம் வந்ததும் பையன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அத்தான் முகம் சிவந்திருந்தது. "டேய்னு கூப்பிடறான் பாருங்க மாப்ள. இதே எங்க ஊர்ல இருந்தா ஸ்டீவர்டு வந்து, ப்ளீஸ் சேர்த்து, அழகா சொல்லியிருப்பான். டூரிஸ்ட் ட்ரெயின் நடத்துறவங்க பேசுற பேச்சா இது?"

நான் வங்கிக்காரன். வாடிக்கையாளர் சேவை பற்றி வருடத்துக்கு இரண்டு பயிற்சி வகுப்பில் உட்காருகிறவன். ஆமாம் அத்தான் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அந்தப் பாறை கண்ணிலேயே நின்றது. பேசாமல் இருந்துவிட்டேன்.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி டீ, வடை, குரங்கு என்று ஆளுக்கொரு பக்கம். நான் அந்த பிரேக்ஸ்மேனிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்னாடி அவரே ஆரம்பித்தார். "மன்னிச்சுக்கோங்க சார். கொழந்தைய அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. ஆனா தம்பி கொஞ்சம் கைய உள்ள எடுத்துக்கோங்கன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள சுரங்கம் வந்துருமுங்க."

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் ஆடு மாட்டுக்கே 'ங்க' போடுகிறவர்கள். அப்படிப்பட்டவர் வாயில் 'டேய்' வந்ததென்றால் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

பழக்கதோஷத்தில் மனக்கணக்குப் போட்டேன். பல் தண்டவாளத்தில் இந்த வண்டியின் வேகம் மணிக்கு அதிகபட்சம் 13 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்தான். அதுவே நொடிக்கு 3.6 மீட்டர். மரியாதையாக ஒரு வாக்கியம் சொல்ல மூன்று நொடி என்று வையுங்கள். வண்டி கிட்டத்தட்ட 11 மீட்டர் போயிருக்கும். பெட்டியின் நீளத்துக்குப் பக்கமாக வந்துவிடும்.

அவர் பெட்டியில் இருந்த கை பிரேக்குகளையும் காட்டினார். ஒன்று சாதாரணச் சக்கரங்களைப் பிடிப்பது. இன்னொன்று பல் சக்கரத்தைப் பிடிப்பது. வண்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு ஆள் உண்டு. டிரைவர் விசில் அடித்து அடையாளம் சொல்ல, இவர்கள் பிரேக்கைப் போடுவார்கள், எடுப்பார்கள். "டிரைவரு கடைசியில இருக்காருங்க. அவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. யானை நின்னாலும், மண்ணு சரிஞ்சாலும், நான் கொடி காட்டுனாத்தான் அவருக்குத் தெரியும்." இப்படிப்பட்ட மனிதரைத்தான் அத்தான் 'ஸ்டீவர்டு' என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் இதே வேலையாகப் படித்தேன். படித்ததில் முக்கியமானதை எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் கூட வாருங்கள்.

முதலில் அயர்லாந்து. 1889 ஜூன் 12. ஆர்மா என்ற ஊரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போக ஒரு சுற்றுலா ரயில் கிளம்பியது. பெட்டிகள் 15. குழந்தைகளும் பெரியவர்களுமாக 900 பேருக்கு மேல். டிக்கெட் இல்லாமல் யாரும் ஏறிவிடக் கூடாது என்று கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். ஊரைத் தாண்டியதும் ஒரு ஏற்றம். 75 அடிக்கு ஒரு அடி ஏறுகிற சரிவு. இன்ஜினால் இழுக்க முடியவில்லை, நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த வண்டியில் இருந்த பிரேக் எளிய வகை. இன்ஜினோடு குழாய் சேர்ந்திருக்கும் வரை வேலை செய்யும். கழற்றிவிட்டால் பிரேக்கும் போச்சு. கழற்றிய பின்பாதியில் 10 பெட்டிகள். அவற்றைப் பிடித்து நிறுத்தக் கடைசிப் பெட்டியில் ஒரே ஒரு கை பிரேக், கூடவே சக்கரங்களுக்கு அடியில் வைத்த கல். கழற்றும்போது முன்பாதி லேசாகப் பின்வாங்கி ஒரு இடி இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. கீழே அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன.

80 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள்.

அந்த ஆண்டே பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பயணி ரயில் எல்லாவற்றிலும் முழு வண்டிக்கும் சேர்ந்த தானியங்கி பிரேக் கட்டாயம். அதாவது குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டுவிடக் கூடாது. அதற்கு முன்னால் ரயில்வே கம்பெனிகள் செலவு செலவு என்று பல வருடம் தள்ளிப்போட்டு வந்த விஷயம் இது. (செலவு என்று தள்ளிப்போடுவதைப் பற்றி வங்கிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.)

பத்து வருடம் கழித்து, 1899 ஜூனில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடியது. ஆர்மாவில் 75-க்கு ஒன்று. இங்கே 12.5-க்கு ஒன்று. ஆறு மடங்கு செங்குத்து. இதைக் கட்டுவதற்கே பெரும் பாடு. சுவிட்சர்லாந்தில் 1871-ல் ரிகி மலைக்குப் பல் சக்கர ரயில் விட்ட ரிகன்பாக், 1882-ல் நீலகிரிக்கு வந்து பார்த்துத் திட்டம் கொடுத்தார். 1891-ல் வேலை தொடங்கியது. தொடங்கிய கம்பெனி பணமில்லாமல் மூடிக்கொண்டு, வேறு கம்பெனி எடுத்து முடித்தது. 1903-ல் அரசாங்கமே வாங்கிவிட்டது. 1908-ல் பாதை ஊட்டி வரை போனது. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டர் வரை ஏறுகிறது.

இந்தப் பாதையில் பயன்படுவது ஆப்ட் முறை. ரோமன் ஆப்ட் என்பவர் ரிகன்பாக்கிடம் வேலை கற்றவர். தண்டவாளத்துக்கு நடுவில் இரண்டு பல் பட்டைகள் ஒட்டி ஒட்டிப் போகும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். ஆகவே இன்ஜினின் பல் சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் 1914 முதல் வந்தன, கடைசித் தொகுதி 1952-ல். பிறகு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்துவிட்டார்கள். இந்த இன்ஜின் இறங்கும்போது செய்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நீராவியை நிறுத்திவிட்டு, சிலிண்டரில் காற்றை உறிஞ்சி அமுக்க வைக்கிறார்கள். வண்டியின் பாரம் காற்றை அமுக்குவதில் செலவாகி வேகம் அடங்கிவிடுகிறது. பிரேக் கட்டை தேயாமலேயே பிரேக்!

இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது என்று மருமகன் கேட்டான் அல்லவா (கேட்டான், மேலே எழுத மறந்துவிட்டேன்). இணைப்பு அறுந்தால் பெட்டிகள் கீழே ஓடக் கூடாது, அதற்காக. இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம். பெட்டிகள் உருண்டாலும் அதன் மேல் வந்து சாயும், அவ்வளவுதான். ஆர்மாவில் பத்துப் பெட்டிக்கு ஒரு கை பிரேக். இங்கே பெட்டிக்கு ஒரு ஆள், அந்த ஆள் கைக்கு எட்டும் தூரத்தில் பிரேக். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு போகிறோம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன் இருக்கும் ஆளுக்கு இரண்டு வேலை. பாதையைப் பார்ப்பது, பிரேக் போடுவது. மூன்றாவது வேலையாக நம்மையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றாவது வேலை முன்பு இவ்வளவு இருந்திருக்காது. சின்ன வயதில் செங்கோட்டை லைனில் நீராவி வண்டியில் போன ஞாபகம் இருக்கிறது (கொசுவத்தி சுத்துகிறேன், மன்னிக்கவும்). தலையை வெளியே நீட்டினால் கண்ணில் கரி விழும் என்பாள் அம்மா. விழவும் விழும். முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பாள். ஒரு தடவை விழுந்தால் அப்புறம் யாரும் சொல்லவே வேண்டாம். இப்போது ஊட்டி வண்டியில் பெரும்பாலும் எண்ணெய் எரிக்கும் இன்ஜின்கள். கரி இல்லை. பதிலுக்குக் கையில் போன் இருக்கிறது.

இந்த ரயிலை நாம் பார்த்துப் பழகியதே சினிமாவில்தான். மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா'விலும் இந்த மலை ரயில் வருகிறது. அதில் டாக்டர் அஜீஸ் ஓடுகிற வண்டியின் வெளிப்பக்கம் தொற்றிக்கொண்டு போவார். 1998-ல் உயிரே படத்தில் கூரை மேல் ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். மூன்றுமே எனக்குப் பிடித்தவை. ஆனால் கூரை மேலும் படிக்கட்டிலும் பயணம் செய்வது 1989-ம் வருட ரயில்வே சட்டம் 156-வது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 500 ரூபாய்! மினிமம் பேலன்ஸ் இல்லை என்று நாங்கள் பிடிப்பதை நினைத்துக்கொண்டேன்.

2005 ஜூலையில் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. (டார்ஜிலிங் 1999-லேயே. கால்கா-சிம்லா 2008-ல்.) ஊருக்குப் போகிற வண்டியாக இருந்தது அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்கிற வண்டியாக முழுசாக மாறிவிட்டது. ஊருக்குப் போகிறவன் கண்டக்டர் திட்டினால் வாங்கிக்கொள்வான். வேடிக்கை பார்க்க வந்தவன் 'நான் காசு கொடுத்திருக்கிறேன்' என்பான். அத்தானும் அதைத்தான் சொன்னார்.

சரி, அத்தான் சொன்ன 'எங்க ஊர்' கதைக்கு வருகிறேன். இதைத் தேடிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை.

அவர்கள் போன ஹாரி பாட்டர் ரயிலின் பெயர் ஜேகபைட். போர்ட் வில்லியம் முதல் மலெய்க் வரை ஓடுகிறது. வெஸ்ட் கோஸ்ட் ரயில்வேஸ் என்ற நிறுவனம் நடத்துகிறது. அதன் பழைய பெட்டிகளில் நம் வீட்டுக் கதவு மாதிரி கீல் வைத்த கதவுகள். ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே கை விட்டுத் திறக்கலாம். கார்டு ஒரே இடத்திலிருந்து எல்லாக் கதவையும் பூட்டும் வசதி கிடையாது. அப்படிப்பட்ட பெட்டிகளை முக்கியப் பாதையில் ஓட்டுவதற்குத் தடை வந்து வருடக்கணக்காகிறது. இந்த நிறுவனம் விலக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது. விலக்குக்கு நிபந்தனை, கதவுகளில் கூடுதல் தாழ்ப்பாள், அதைக் கவனிக்க ஸ்டீவர்டுகள். தாழ்ப்பாளைப் போடுவது, எடுப்பது, ஜன்னலில் தலை நீட்டுகிறவர்களை உள்ளே இழுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், இயந்திரத்துக்குப் பதில் மனிதன் என்ற ஏற்பாடு. நம் மலை ரயில் மாதிரியேதான்.

2023 கோடையில் ரயில் ஒழுங்குமுறை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது நிபந்தனைகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. வண்டி சில வாரம் நின்றது. பூட்டு வைக்க 70 லட்சம் பவுண்டு ஆகும், கட்டாது என்று நிறுவனம் வழக்குப் போட்டது. 2023 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 மார்ச் கடைசியில் பருவம் தொடங்க வேண்டிய நேரத்தில் வண்டி ஓடவில்லை. ஏப்ரலில்தான், பூட்டு வசதி உள்ள பெட்டிகளோடு மறுபடி கிளம்பியது.

இதே நிறுவனத்தின் நீராவி வண்டி ஒன்று 2015 மார்ச் 7 அன்று வூட்டன் பாசெட் என்ற இடத்தில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் நின்றது. சற்று முன்புதான் அந்தச் சந்திப்பை ஒரு விரைவு வண்டி கடந்து போயிருந்தது. எச்சரிக்கைக் கருவி தொந்தரவு செய்கிறது என்று இன்ஜினில் இருந்தவர்களே அதைத் துண்டித்து வைத்திருந்தார்கள். நிறுவனத்துக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம். எச்சரிக்கை மணி அடித்தால் அதைக் கவனிக்காமல் மணியை நிறுத்துகிற ஆட்களை என் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். அங்கே போவது பணம், இங்கே போவது உயிர்.

ப்ளீஸ் சேர்த்துச் சொன்னார்களா இல்லையா என்பது எந்த விசாரணையிலும் கேள்வியாக வரவில்லை. தாழ்ப்பாள் போட்டதா என்பதுதான் கேள்வி.

அல்ப சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. நம் பக்கம் பார்த்தால் 2015 செப்டம்பர் 12. கால்காவிலிருந்து சிம்லாவுக்குப் பிரிட்டிஷ் சுற்றுலாக் குழு ஒன்று தனியாக எடுத்துக்கொண்டு போன மலை ரயில் தக்சால் அருகே தடம் புரண்டது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். அது டீசல் வண்டி, ஆனால் ஏறியவர்கள் அத்தான் குடும்பம் மாதிரி பழைய ரயில் பார்க்க ஆசையாக வந்தவர்கள்.

அடுத்தது இன்னும் நெருக்கம். 2023 ஆகஸ்ட் 26, மதுரை. உத்தரப்பிரதேசத்திலிருந்து கோயில் சுற்றுலா வந்தவர்களின் தனிப் பெட்டி. நாகர்கோவிலில் புனலூர்-மதுரை எக்ஸ்பிரஸில் கோத்து, எங்கள் திருநெல்வேலி வழியாகத்தான் மதுரைக்கு வந்தது. அங்கே கழற்றி நிறுத்தி வைத்திருந்தார்கள். விடியற்காலை யாரோ டீ போட அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர். 9 பேர் போய்விட்டார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுவரக் கூடாது என்பது ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா ஏற்பாடு செய்த ஆட்கள் கூடவே இருந்தார்கள். சமையல் சாமான்கள் ஏறும்போது 'அண்ணே, இது கூடாது, இறக்குங்க' என்று கத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மதுரை விபத்தை விசாரித்தது ரயில் பாதுகாப்பு ஆணையர், தெற்கு வட்டம். அந்த அலுவலகம் இருப்பது எங்கள் பெங்களூரில்தான். இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1941-லேயே ரயில்வே போர்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஓட்டுகிறவனும் சோதிக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற எளிய காரணம். எங்கள் தொழிலில் வவுச்சர் போட்டவரே அதற்கு ஒப்புதல் கையெழுத்தும் போடக் கூடாது என்பது போல. ஆனால் ஆணையர் வருவது பெரும்பாலும் நடந்த பிறகு. நடக்கும் முன்பு பெட்டிக்குள் இருப்பது காக்கிச் சட்டைக்காரர் மட்டும்.

சாவு நேர்ந்தால் ரயில்வே கொடுக்கும் இழப்பீடு 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாய். அதற்கு முன் 4 லட்சம். இதை அத்தானிடம் சொன்னபோது உடனே பவுண்டில் மாற்றிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து பிள்ளைகளை இந்த வண்டியில் கூட்டிப்போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஏறியதும் பெரியவர்களில் ஒருவர் பிள்ளையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களில் நான்கு பெரியவர்கள் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை. ஹில்குரோவில் இறங்கினால் பல் பட்டை மேல் கால் வைத்துப் படம் எடுக்க வேண்டாம், கிரீஸ் தடவியிருக்கும், வழுக்கும். இன்ஜின் விசில் அடித்தால் அது உங்களைக் கூப்பிடுவதற்கு மட்டும் அல்ல, பிரேக் ஆட்களோடு பேசுவது. அந்த நேரம் திண்ணையில் நிற்பவரிடம் 'அண்ணா ஒரு போட்டோ' என்று தோளைத் தட்டாதீர்கள். ஒரு அம்மா தட்டியதை நானே பார்த்தேன்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டினார்கள். மருமகன் இறங்கிப் போய் அந்த பிரேக்ஸ்மேன் முன்னால் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் இங்கிலீஷில் ஸாரி என்றான். அவர் சிரித்துக்கொண்டு, "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்து, "திருநெல்வேலி" என்றான். அக்கா அழுதுவிட்டாள். அத்தான் டீ வாங்கப் போய்விட்டார்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்பில் அத்தான் ஊட்டி வீடியோ போட்டிருந்தார். அதே வளைவு, பின்னால் இன்ஜின் புகையோடு திரும்புகிறது, சட்டென்று இருட்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னணியில் இளையராஜா. அந்தக் குரல் இருந்த இடத்தை வெட்டியிருக்கிறார். மருமகனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, வெட்டாததை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருக்கிறான், பதினெட்டு நொடி.